நாயின் படர்தாமரையும் வீட்டார் நலமும்

நாய் என்றவுடன் வெறிநோய் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. உயிரைக் கொள்ளும் நோயாதலால் அது இயல்பே. ஆயினும், கடிக்காமலேயே, மடியில் ஏறி விளையாடுவதாலேயே நாயிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்றும் நோயொன்றும் உண்டு. அதுவே படர்தாமரை.

இது புழுவாலோ வண்டுகடியாலோ வருவதன்று. பூஞ்சைகளே இதற்குக் காரணம். மயிர், நகம், மேல்தோல் இவற்றிலுள்ள கெரட்டின் என்னும் பொருளே அவற்றின் உணவு. நாய்களில் பெரும்பாலும் காணப்படும் வகைக்கு மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்று பெயர். பெயர் நாயுடையது, முதன்மையான உறைவிடமோ பூனை! மண்ணில் வாழும் வேறொரு வகை, தரையைத் தோண்டும் நாய்களின் மூக்கிலும் முன்கால்களிலும் பற்றுகிறது.

குட்டிகளையே இந்நோய் எளிதில் பீடிக்கும். முகம், காது, கால் ஆகிய இடங்களில் மயிர் வட்டமாக உதிர்ந்து செதிள் படியும். அரிப்பு பெரும்பாலும் மிகுதியாக இராது. ஓயாமல் சொறியும் நாய்க்குச் சிற்றுண்ணிகளால் வரும் வேறு நோய் இருக்கலாம். நம்மவர் இரண்டையும் சொறி என்றே கூறி, வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசிவிடுகின்றனர். நோய் தீர்வதில்லை; எண்ணெயை நக்கும் நாய்க்கு அதுவே நஞ்சாகிறது.

குழந்தையின் உடலில் இந்நோய் ஓரம் சிவந்த வளையமாகத் தோன்றும். தலையில் பற்றினால் மயிர் முறிந்து வழுக்கைத் திட்டு உண்டாகும். அதைப் புழுவெட்டு என்றெண்ணிச் சின்ன வெங்காயம் தேய்ப்போர் பலர். பூஞ்சை மயிர்க்காலினுள் புகுந்திருப்பதால் மேற்பூச்சு மட்டும் அங்கே பயன்படாது. மருத்துவர் தரும் மாத்திரைகளைப் பல வாரங்கள் உட்கொள்ள வேண்டும். உட்கொள்ளும் கிரிசியோபல்வின் மருந்து கினிப்பன்றிகளின் படர்தாமரையைத் தீர்ப்பதை 1958-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஜென்டில்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டார். அம்மருந்து இன்றும் வழக்கில் உள்ளது. கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றிலோ ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். பூஞ்சையை உள்ளூரப் பரவவிடும்.

நோயுற்ற நாயை ஊருக்கு வெளியே துரத்திவிடுவோரும் உளர். நாய் அடுத்த தெருவுக்கு நோயைக் கொண்டு செல்லும்; உதிர்ந்த மயிரிலுள்ள பூஞ்சை வித்துக்களோ நம் திண்ணையிலேயே தங்கும். அவை ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும். ஆகவே நாய், குழந்தை, வீடு மூன்றையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். நாய் படுத்த சணல் சாக்கை எரித்துவிடலாம். தரையிலுள்ள மயிரை ஈரத்துணியால் திரட்டி அகற்றி, சோப்பு நீரால் கழுவிய பின்னரே பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்தால் அதன் வலிமை வீணாகும்.

புதுமயிர் முளைத்தவுடனே நாய்க்கு மருந்தை நிறுத்தலாகாது. வித்துக்கள் அப்போதும் இருக்கலாம். கால்நடை மருத்துவர் மயிரைச் சோதித்து, குணமாயிற்று என்று கூறும்வரை குட்டி தாழ்வாரத்திலேயே இருக்கட்டும். அதற்கு உணவிடுவது பெரியவர் ஒருவரின் பொறுப்பாகவும், உணவிட்டதும் சோப்பிட்டுக் கை கழுவுவது அவரது வழக்கமாகவும் இருக்கட்டும்.