பனித்தளத்தில் ஒரு பின்களக் காவலர்



ஹாக்கி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வெயிலும் புழுதியும்தான். நான் நம் பள்ளி அணியில் பின்களத்தில் ‘ஃபுல்பேக்’ ஆக ஆடுகிறேன். கோல் போட்டவளைத் தோழிகள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பின்னால் நின்று தடுத்தவளை யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, ‘இன்று நீயும் ஆடினாயா?’ என்று என் அம்மாவே கேட்டார்கள்! பின்களத்தில் நின்றே உலகப் புகழ் பெற்றவர் எவரேனும் உண்டா என்று தேடினேன். கிடைத்தவர் பாபி ஆர். அவர் ஆடியது புல்தரையில் அன்று, பனிக்கட்டியின்மேல்.

பனி ஹாக்கியைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். தளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோல் காப்பாளர், இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்கள், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வில்லை. 3 அங்குலக் குறுக்களவும் 1 அங்குலத் தடிமனும் உடையது. அது துள்ளாமல் வழுக்கிச் செல்லவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஆனால் ஒருவர் ஒரே மூச்சில் ஏறக்குறைய முக்கால் நிமிடந்தான் ஆடுவார். அதற்குள் களைத்து வெளியேற, அடுத்தவர் குதித்து இறங்குவார்.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை கடினமானது. எதிரி முழு வேகத்தில் முன்னோக்கி வருகிறான். இவரோ அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கவேண்டும். இடைவெளி அதிகமானால் அவன் நிதானமாகக் குறி பார்த்து அடிப்பான். குறைந்தால் சட்டென்று விலகிக் கடந்துவிடுவான். எனவே அந்த இடைவெளியை அளந்து காத்து, அவனை மெல்ல மெல்லப் பக்கச் சுவரை நோக்கி ஒதுக்கவேண்டும். பக்கைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், மார்பைப் பார்க்கவேண்டும் என்பது இவர்களுக்குப் பால பாடம். கை பொய் சொல்லும், கால் பொய் சொல்லும். உடம்பின் நடுப்பகுதி போகும் இடத்துக்குத்தானே ஆள் போகமுடியும்? எங்கள் உடற்பயிற்சி ஆசிரியையும் இதையேதான் சொல்வார்கள்.

பாபி ஆர் 1948 மார்ச் 20 அன்று கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் பாரி சவுண்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்தவர். குளிர்காலத்தில் உறைந்துபோகும் நீர்நிலைகளே சிறுவனுக்கு ஆடுகளம். அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போதே அமெரிக்காவின் பாஸ்டன் புரூயின்ஸ் அணியினர் அவனைக் கண்டுகொண்டார்கள். பதினான்காம் வயதில், 1962இல், ஒப்பந்தமும் ஆயிற்று. ஆஷவா நகர இளைஞர் அணியில் அவன் ஆடவேண்டும். அவன் தாயாரோ, ‘என் பிள்ளை வீட்டைவிட்டுப் போய்த் தங்கமாட்டான்’ என்று உறுதியாக இருந்துவிட்டார். ஆகவே முதல் ஆண்டு முழுவதும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் அழைத்துச் சென்று, ஆட்டம் முடிந்ததும் மீண்டும் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள் அல்லவா?

1966இல், பதினெட்டாம் வயதில், அவர் தேசிய ஹாக்கி லீக்கில் பாஸ்டனுக்காக ஆடத் தொடங்கினார். சிறந்த புதுமுக ஆட்டக்காரருக்கான விருதையும் அந்தப் பருவத்திலேயே பெற்றார்.

அந்நாள்வரை தற்காப்பு ஆட்டக்காரர் என்றால் தடுப்பார், பக்கை முன்கள ஆட்டக்காரரிடம் தள்ளிவிட்டு நின்றுகொள்வார். முன்னே போய்ப் பக்கை இழந்துவிட்டால் பின்னே வாசல் திறந்து கிடக்குமே என்ற அச்சம். ஆர் அந்த அச்சத்தை மாற்றினார். தம் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு தளம் முழுவதையும் கடந்து எதிரியின் கோல்வரை செல்வார். பறிபோனாலும் எல்லோருக்கும் முன்னதாகத் திரும்பி வந்துவிடுவார். அந்த வேகந்தான் அவருடைய காப்பீடு.

கோல் போட்டதற்கு ஒன்று, கோலுக்குத் துணை செய்ததற்கு ஒன்று என்று புள்ளி கணக்கிடுவார்கள். 1969-70 பருவத்தில் அவர் 120 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். 1974-75இல் மறுபடியும் முதலிடம். வேறு எந்தத் தற்காப்பு ஆட்டக்காரரும் ஒருமுறைகூட அந்த இடத்தைப் பெற்றதில்லை. 1970-71இல் எடுத்த 139 புள்ளிகளைத் தற்காப்பு ஆட்டக்காரர் எவரும் இதுவரை எட்டவில்லை. ஆனால் என்னை வியக்கவைத்தது வேறோர் எண். கூடுதல் ஆட்களோடு நிற்கும் தரப்பு போடும் கோல்களை விட்டுவிட்டு, ஒருவர் தளத்தில் இருக்கையில் தம் அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிக்கிறார்கள். அந்தப் பருவத்தில் ஆருக்கு வந்த மீதி 124! அதுவும் இன்றுவரை சாதனைதான். முன்னே ஓடினாரே, தம் வாசலை மறந்தார் என்று யாராவது சொல்லமுடியுமா? சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு முறை பெற்றார்.

1970 மே 10 அன்று நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியுடன் நான்காம் ஆட்டம். 3-3 என்று சமநிலை. கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடியில் ஆர் கோல் அடித்தார். அதே நொடியில் எதிரணிக்காரரின் மட்டை தட்டிவிட, கைகளை நீட்டியபடி காற்றில் பறந்தார். 29 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை பாஸ்டனுக்கு வந்தது. அந்தக் காட்சியைப் படம் எடுத்தவர் ரே லூசியர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். நல்ல இடத்தில் இருந்த வேறொருவர் தாகத்துக்கு ஏதோ வாங்க எழுந்து போக, அந்த இருக்கையில் இவர் உட்கார்ந்தாராம்! 1972இலும் கோப்பை கிடைத்தது.

இத்தனைக்கும் அவருடைய இடது முழங்கால் தொடக்க ஆண்டுகளிலேயே அடிபட்டுவிட்டது. முழங்காலில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே, அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை போல, பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு உள்ளன. அது கிழிந்தால் இன்று சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்திச் சரிசெய்கிறார்கள். அந்தக் காலத்தில் முழங்காலைத் திறந்து கிழிந்ததை வெட்டி எடுத்துவிடுவார்கள். மெத்தை போனபின் எலும்போடு எலும்பு உரசத்தானே செய்யும்? பலமுறை அறுவை சிகிச்சை ஆயிற்று. ஒவ்வொன்றுக்குப் பின்னும் காலில் மிச்சம் குறைந்தது.

காலைவிடப் பெரிய அடி நம்பியவரிடமிருந்து வந்தது. ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர் அவருடைய முகவர். சகோதரர் போல நம்பினார். 1976இல் பாஸ்டன் நிர்வாகம் ஆரைத் தக்கவைக்க அணியின் உரிமையில் 18.5 சதவீதம் தர முன்வந்தது. அந்தச் செய்தியை முகவர் சொல்லவே இல்லை என்கிறார் ஆர். சிகாகோ அணியில் சேர்ந்தார். அங்கே 26 ஆட்டங்களே ஆடமுடிந்தது. 1978இல், முப்பதாம் வயதில் விலகியபோது, சொத்தைவிடக் கடன் அதிகம் இருந்தது. மொத்தம் ஆடியது 657 ஆட்டங்கள். 1979இல் புகழ் மண்டபத்தில், காத்திருக்கும் காலத்தைத் தளர்த்தி, இடம் அளித்தார்கள். ஆட்டக்காரர்களின் பணத்தில் செய்த வேறு மோசடிகளுக்காக 1998இல் ஈகிள்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆரோ பிற்காலத்தில் தாமே இளம் ஆட்டக்காரர்களுக்கு முகவரானார். கணக்கைத் தாமே பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்கவில்லையே என்று அவர்மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடச் சொன்னால் நான் மட்டும் படித்துப் பார்த்திருப்பேனா?

2010இல் பாஸ்டனில் அரங்கத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். காற்றில் பறக்கும் அந்தக் காட்சிதான் சிலையாக நிற்கிறது. என்னைக் கேட்டிருந்தால், எதிரியை நேராகப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்குவது போல வடிக்கச் சொல்லியிருப்பேன்.

– பத்தாம் வகுப்பு மாணவி