கேமரன் மலைக் குளிரில் விஆர் ஹெட்செட் மங்குகிறதா?

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்ட வீடுகளில் விஆர் ஹெட்செட்டை மாட்டியதும் லென்ஸ் மங்குவது சகஜம். முகத்தின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் நீராகப் படிகிறது; கருவியில் கோளாறு இல்லை. மாட்டுவதற்குச் சற்று முன்பே இயக்கி வையுங்கள், லென்ஸ் வெதுவெதுப்பாகிவிடும். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். ஸ்பிரிட்டும் சட்டை முனையும் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு கெட்டுவிடும்.

மழை நாளில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

உருவம் வளைந்தோ இரட்டையாகவோ தெரிந்தால், எழுத்து கூர்மையாகும் வரை ஹெட்செட்டை மேலும் கீழும் நகர்த்தி, அங்கேயே பட்டையை இறுக்குங்கள். பிறகு கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தை அமையுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். ஃபிரெனல் லென்ஸ் கருவிகளில் ஓரம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். கண்ணை ஓட்டாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஈரம் காயட்டும் என்று சன்னலோர வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியே குவிகிற வெயில் உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். சுட்ட புள்ளியைத் துடைத்து எடுக்க முடியாது, திரையையே மாற்ற வேண்டியிருக்கும்.