வெப்பமும் நீர்வளர் மலரும்

மண்ணின்றி, பயிருக்கு வேண்டிய உப்புக்களைக் கரைத்த நீரிலே செடி வளர்க்கும் முறையைக் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்து உவில்லியம் கெரிக்கே என்பார் 1937ஆம் ஆண்டில் 'ஐதரோபொனிக்சு' எனப் பெயரிட்டு வழங்கினார். அவர் வளர்த்துக் காட்டியவற்றுள் தக்காளி பேர்பெற்றது. இன்று ஒல்லாந்து தேசத்துக் கண்ணாடி வீடுகளில் றோசாவும் இவ்வாறே வளர்கின்றது. எரிமலைப் பாறையை உருக்கிப் பஞ்சாக நூற்ற கட்டிகளில் வேர் ஊன்றி நிற்க, உணவுக் கரைசல் சொட்டுச் சொட்டாய் ஊட்டப்படும்.

வெப்பம் மிகுந்தாற் செடி செழிக்கும் என நாம் எளிதிற் கருதிவிடுகின்றோம். விரைவு வேறு, செழிப்பு வேறு. 20 பாகை செல்சியசு அளவில் நிற்கும் றோசா மெல்ல அரும்பி, நீண்ட காம்பும் பருத்த முகையும் பெறும். 30 பாகையை அணுகின் சில நாள் முந்திப் பூக்கும். ஆயினும் காம்பு குறுகும், இதழ் குறையும், செந்நிறம் வெளிறும். நிறந்தரும் அந்தோசயனின் வெப்பத்திற் குறைவாகவே உண்டாதல் இதற்குக் காரணம். மேலும், 10 பாகை உயரச் சுவாசம் ஏறக்குறைய இருமடங்காகும். பகலில் ஒளியாலாக்கிய வெல்லத்தை இரவு வெம்மை தின்றுவிடும்.

வேரின் நிலையே பெரிதும் கவனிக்கற்பாலது. ஆழ்ந்த மண் மெல்லவே சூடேறும். சிறு கட்டியோ விரைவில் ஏறும். 20 பாகையில் ஓர் இலீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே. வேரின் தேவை ஏறும் வேளையிலேயே நீரின் கொடை இறங்குகின்றது! மூச்சுத் திணறிய வேரைப் பிதியம் என்னும் அழுகல் நோய் எளிதிற் பற்றும். அப்போது இலை வாடும். வாட்டங் கண்டு மேலும் நீர்விடுவோன் நோயையே வளர்க்கின்றான். கரைசலை 20 பாகையளவிற் குளிர்வித்துக் காற்றூட்டலே தக்கது.

அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பருவந்தோறும் பெயர் வகுத்தது நம் மொழி. றோசாவை விற்பனைக்குக் கொய்வது போதாகும் பருவத்தில். 'போது' என்பதற்குக் காலம் என்னும் பொருளுமுண்டு. வெம்மை மிக்க நாளில் அப்பருவம் விரைந்து கடக்குமாதலின், ஒரே நாளில் இருமுறை கொய்தலும் வேண்டும்.

குளிர்நாட்டிற் கண்ணாடி வீட்டைச் சூடாக்கல் பெருஞ்செலவு. 2022ஆம் ஆண்டில் இயற்கை வாயு விலையேறியபோது ஒல்லாந்தர் பலர் வெப்பத்தைக் குறைத்தனர். சிலர் குளிர்காலப் பயிரையே கைவிட்டனர். கென்யாவின் நைவாசா ஏரிக்கரை மத்தியகோட்டை அடுத்திருந்தும், ஏறக்குறைய 1,880 மீற்றர் உயரத்தால் இரவிற் குளிர்ந்து, சூடாக்குஞ் செலவு மிகாமல் ஐரோப்பாவுக்கு றோசா அனுப்புகின்றது. நமது நுவரெலியாவின் உயரமும் அதனை ஒத்ததே.