பழைய டிராக்டருக்கு மாற்றுச் சாவி

திருத்தணி வட்டாரத்தில் கரும்பு, நிலக்கடலை, நெல் பயிரிடும் விவசாயிகளில் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த டிராக்டரை இரண்டாம் விலைக்கு வாங்கி ஓட்டுகிறார்கள். எஞ்சின், கியர், டயர் ஆகியவற்றைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். சாவி எத்தனை என்று கேட்பவர் குறைவு. பெரும்பாலும் ஒரே ஒரு சாவிதான் கைக்கு வரும். அதுவும் தேய்ந்திருக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையின் 365 படிகளையும் ஏறி இறங்குவதற்குள் வேட்டி மடிப்பிலிருந்து நழுவிய சாவியைத் தேடிக் கண்டெடுப்பது அரிது. மறுநாளே ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து நின்றால் என்ன செய்வது?

செய்யக்கூடாதது

ஸ்விட்சைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயர்களை முறுக்கி இணைப்பதும், கீழே நின்றுகொண்டே ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனைகளை ஸ்பேனரால் தொட்டு எஞ்சினைக் கிளப்புவதும் கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றன. இது உயிரைப் பறிக்கும் பழக்கம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்த பின்பே சாவியைத் திருப்ப வேண்டும் என்பது முறை. கிளட்சை மிதித்தால் அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும்படி ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் பல மாடல்களில் உண்டு. ஸ்பேனரால் தொடும்போது மின்சாரம் அந்த ஸ்விட்ச் வழியே போவதில்லை. கியர் விழுந்த நிலையில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் டிராக்டர் உடனே முன்னே பாயும். தொட்டவர் நிற்பதோ பின்சக்கரத்திற்கு முன்னால். விலகுவதற்கு நேரம் இராது. ‘எங்கள் வண்டி நியூட்ரலில்தான் நிற்கும்’ என்று யாரும் உறுதி சொல்லலாகாது. நேற்று மாலை வண்டியை நிறுத்தியவர் வேறொருவராக இருக்கலாம்.

முறுக்கிய ஒயரில் தீப்பொறி எழுவதும் உண்டு. கரும்புச் சோகையும் வைக்கோலும் சேர்ந்த இடத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்க வேண்டியதில்லை.

பூட்டு வேலை செய்யும் விதம்

பழைய டிராக்டர், ஜீப், மொபெட் ஆகியவற்றின் பூட்டு எளிமையானது. ஓர் உருளைக்குள் மெல்லிய தகடுகள் சில, சிறு ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும். சரியான சாவியை நுழைத்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் மட்டத்திற்குக் கொண்டுவரும். அப்போது உருளை திரும்பும். ஒரு தகடு சற்றே மேலெழும்பி நின்றாலும் திரும்பாது. நாள்பட நாள்பட சாவியும் தேய்கிறது, தகடும் தேய்கிறது. ஆட்டி, இழுத்து, அழுத்தித் திருப்பினால்தான் வேலை செய்கிறது என்றால் தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள்.

தேய்ந்த சாவியை நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அரைக்கும் இயந்திரத்தின் சிறு பிசகும் அதோடு கூடும். அந்த நகலிலிருந்து மற்றொரு நகல் எடுத்தால் அது பூட்டில் நுழையும், ஆனால் திரும்பாது. வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, ஆதார விதையிலிருந்து சான்று விதை என்று விதைப் பெருக்கத்தில் நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இங்கும் பொருந்தும். தேயாத மூலச் சாவியை வீட்டில் பத்திரப்படுத்தி, நகல் வேண்டும்போதெல்லாம் அதிலிருந்தே எடுப்பது நலம்.

சாவி செய்தல்

சாவியின் தலையிலோ, பூட்டின் முகப்பிலோ எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைக் கொண்டு விற்பனையாளரிடமோ உதிரிபாகக் கடையிலோ புதிய அளவுச் சாவி பெற இயலும். எண்ணைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் மேல் எழுதி வைக்க வேண்டாம்.

எண்ணும் இல்லை, சாவியும் இல்லை என்றால் டிராக்டரைக் கடைக்கு இழுத்துச் செல்ல வேண்டாம். பூட்டை மட்டும் கழற்றி எடுத்துச் சென்றால் போதும். சாவி செய்பவர் வெட்டாத சாவியை நுழைத்துத் திருப்ப முயன்று, தகடுகள் பதித்த தடத்தைப் பார்த்து அரத்தால் சிறிது சிறிதாக ராவி எடுப்பார். இது கைத்திறனும் பொறுமையும் கொண்ட வேலை. பித்தளை அல்லது எஃகுச் சாவியாகக் கேளுங்கள். அலுமினியச் சாவி மலிவுதான், ஆனால் பூட்டுக்குள்ளேயே ஒடிந்துவிடும்.

பூட்டே தேய்ந்துவிட்ட வண்டிக்கு, என் கருத்தில், இரண்டு சாவிகளோடு வரும் புதிய ஸ்விட்சை வாங்கிப் பொருத்துவதே சிறந்தது. பாட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். பழைய ஸ்விட்சின் எந்த முனையில் எந்த நிற ஒயர் இருந்தது என்று தாளில் குறித்துக்கொண்ட பிறகே மற்றவற்றைக் கழற்றுங்கள். வேலை முடிந்தபின் எர்த் ஒயரைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

பிற்காலத்தில் வந்த கார்களில் சாவித் தலைக்குள் மின்னணுச் சில்லு உண்டு. அதை வெறும் அரத்தால் செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தையே அணுக வேண்டும்.

களவும் காப்பீடும்

பழைய மாடல் டிராக்டர்கள் பலவற்றிற்கு ஒரே சாவி பொருந்தும். பக்கத்து ஊர்க்காரரின் சாவி நமக்கு உதவும் என்றால் நம் வண்டி அவருக்கும் திறக்கும். ஆகவே இரவில் கொட்டகைக் கதவுக்குத் தனிப் பூட்டு அவசியம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு அதற்குத் தகும்.

வண்டி திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒரு சாவி ஏற்கனவே தொலைந்திருந்தால், தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெற்று வைத்திருப்பது பின்னால் கைகொடுக்கும். சாவி செய்பவர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால் கோபிக்க வேண்டாம். கேட்காமல் செய்து கொடுப்பவரிடந்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் பக்கம் பழைய டிராக்டர் வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் இரண்டு சாவிகளையும், ஆர்.சி. புத்தகத்தையும், அங்குள்ள பதிவு அலுவலகம் தரும் படிவம் 28 தடையில்லாச் சான்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதானால் இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும்.

புதுச் சாவி வந்ததும் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பம்புசெட் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தில் கோக்காதீர்கள். ஓடும் வண்டியில் அந்தப் பாரம் ஆடி ஆடிப் பூட்டைத் தேய்க்கும். பூட்டுக்குள் கிரீசோ எஞ்சின் ஆயிலோ விட வேண்டாம், புழுதி ஒட்டிக் கெட்டியாகும். பென்சில் முனையைச் சாவியின் வெட்டுகளில் தேய்த்து இரண்டு மூன்று முறை நுழைத்து எடுத்தால் போதும்.