பாடம் 12: தாத்தாவின் ரேடியோவும் ஆரியபட்டாவும்

மாணவர்களே! டாலாவிலிருந்து பான்சோடான் துறைக்குப் படகில் போயிருக்கிறீர்களா? ஆற்றுக் காற்று முகத்தில் வீசும், இல்லையா? மேலே போகப் போகக் காற்று குறையும். ஆனாலும் 600 கிலோமீட்டர் உயரத்தில்கூட மிக மெல்லிய காற்று உண்டு.

ஒரு பையனும் அவன் தாத்தாவும் பேசுவதைப் படியுங்கள்.

"தாத்தா, சின்ன வயசுல நீங்க எப்படித் தமிழ்ப் பாட்டு கேட்டீங்க?"

"ராத்திரியில ரேடியோவைத் திருப்புவேன்டா. கொழும்புல போடுற பாட்டு இங்க டாலாவுல கேக்கும்."

"கடலைத் தாண்டி எப்படி வந்துச்சு?"

"மேல வானத்துல பட்டுத் திரும்பி வருதுன்னு சொல்லுவாங்க."

தாத்தா சொன்னது சரிதான். சூரியனின் கதிர்கள் படுவதால் மேல் காற்றில் மின்துகள்கள் உண்டாகின்றன. அந்தப் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். ரேடியோவின் சிற்றலைகள் அதில் பட்டுப் பூமிக்குத் திரும்புகின்றன.

அந்த மேல் காற்றை நன்றாக அறிய, கருவிகளை அங்கேயே அனுப்ப வேண்டும். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா இதற்கும் ஒரு கருவியைக் கொண்டுபோனது. சூரியனை ஆராயவும், விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராயவும் வேறு கருவிகள் அதில் இருந்தன.

பெங்களூருக்குப் பக்கத்தில் பீனியாவில், சாதாரணக் கொட்டகைகளில் அதைச் செய்தார்கள். யு. ஆர். ராவ் தலைமை தாங்கினார். அதன் எடை 360 கிலோ. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் அதை மேலே கொண்டுபோனது. அது ஒரு நாளில் சுமார் 15 முறை பூமியைச் சுற்றியது.

ஆறு மாதம் ஆராய வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கருவிகளுக்கு வந்த மின்சாரம் நின்றுவிட்டது. ஆராய்ச்சியும் நின்றது.

"அப்போ எல்லாம் வீணா?" என்று கேட்பீர்கள். இல்லை. கருவிகள் நின்றாலும் செயற்கைக்கோளின் மற்ற பாகங்கள் 1981 வரை வேலை செய்தன. அதைச் செய்யவும் தரையிலிருந்து இயக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1979-இல் அடுத்த செயற்கைக்கோள் பாஸ்கரா பறந்தது.

ஆரியபட்டாவுக்கு என்ன ஆனது? எந்தக் காற்றை ஆராயப் போனதோ, அந்த மெல்லிய காற்றே அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. 1992-இல் அது கீழே இறங்கி அழிந்தது.

சொற்பொருள்
துறை – படகு நிற்கும் இடம்
கொட்டகை – கூரை போட்ட பெரிய இடம்
வீண் – பயன் இல்லாதது

விடை சொல்லுங்கள்
1. கொழும்புப் பாட்டு டாலாவில் எப்படிக் கேட்டது?
2. ஆரியபட்டாவின் ஆராய்ச்சி ஏன் நின்றது?
3. அது வீண் இல்லை என்று ஏன் சொல்கிறோம்?

வீட்டில் கேளுங்கள்
"நீங்க ரேடியோவுல என்ன கேட்டீங்க?" என்று பெரியவர்களிடம் கேட்டு, மூன்று வரி எழுதி வாருங்கள்.