காய்ச்சல் விட்ட பிறகு ஏற்றும் சேலைன்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தலைமன்னார், பேசாலை, சிலாவத்துறை என்று எங்கும் கேட்கிற பேச்சு: “காய்ச்சல் விட்டிட்டுது, களைப்புக்கு ஒரு சேலைன் ஏத்தினால் எழும்பிடுவார்.” டெங்குக் காய்ச்சலில் இந்தப் பேச்சின் இரண்டு பாதியும் உயிருக்கு ஆபத்து.

காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்பது முதல் பாதி. உண்மையில் மூன்றாம் நாளுக்குப் பின் காய்ச்சல் தணிகிற நேரத்தில்தான் சிலருக்குக் குருதியின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்கும். கை கால் குளிரும், நாடி மெலியும். அதுவே அதிர்ச்சி நிலை. ஒரு துளி இரத்தமும் வெளியே தெரியாமல், நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டே அதற்குள் போய்விடலாம். பிரஷர் பார்க்கையில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20க்குச் சுருங்கினால் வைத்தியர் பதறுவது அதனால்தான்.

சேலைன் ஏற்றினால் எழும்பிடுவார், கூட ஏற்றினால் இன்னும் நல்லது என்பது மற்றப் பாதி. கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரத்தில் அளவின்றி ஏற்றினால் அதிலும் ஒரு பங்கு நெஞ்சறைக்கே போகும். கசிவு நின்றதும் தேங்கிய நீரெல்லாம் குருதிக்குத் திரும்பி நுரையீரலை நிறைக்கும், மூச்சுத் திணறும். அதனால் இலங்கைச் சுகாதார அமைச்சின் வழிகாட்டல் 50 கிலோ எடையுள்ளவருக்கு ஆபத்தான அந்த 48 மணித்தியாலத்துக்கு மொத்தம் 4,600 மில்லிலீற்றர் என்று கணக்கு வைக்கிறது. வாயால் குடிப்பதும் அதற்குள் அடக்கம். வாட்டில் பார்க்கப் போகிறவர்கள் அன்போடு பருக்கும் செவ்விளநீரையும் தாதியிடம் சொல்லத்தான் வேண்டும். அதிர்ச்சி வந்தவருக்கு முதலில் வேகமாக ஏற்றி, நாடியையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். “போத்தலை மெதுவாக விடுகிறார்கள்” என்று அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பப்பாசி இலைச்சாறு இந்தக் கசிவை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது; ஆகவே வீட்டில் செய்ய வேண்டியதை எல்லோரும் தெரிந்திருப்பது நல்லது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் போதும்; அஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். காய்ச்சல் காயும் நாட்களில் வளர்ந்தவர் நாளுக்கு 2,500 மில்லிலீற்றர் அளவில் கஞ்சி, ஜீவனி, இளநீர் குடிக்கலாம். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை அவசியம். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தலைமன்னாரிலிருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். “விடியட்டும்” என்று இருக்காமல் இரவோடிரவாக வாகனம் பிடியுங்கள்.