தொழில்நுட்ப எழுத்து மாணவர்க்குக் கணினிவழி ஆய்வுமுறை: எண்ணிக்கைக்கு முந்தைய முடிவுகளும் அவற்றின் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

கையேடு, அறிவிப்பு, அறிவுறுத்தல் முதலிய பயன்பாட்டு எழுத்துகளைப் பயிலும் தமிழ் மாணவர்க்குத் தரவகம், சொல்லடைவு, சொல்லெண்ணிக்கை ஆகிய கணினிவழி ஆய்வுமுறைகளை எவ்வாறு கற்பிப்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எண்ணுவதற்கு முன் ஆய்வாளர் எடுக்கும் முடிவுகளைப் பிறர் மீளச் செய்துபார்க்கும் வகையில் எழுதிவைப்பதே இப்பாடத்தின் மையப் பயிற்சியாக அமைய வேண்டும் என்பது இதன் கருத்து. மின்சாரம் பற்றிய தமிழ்ப் பனுவல்களின் சொற்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொழில்நுட்ப எழுத்து, தரவகம், சொல்லடைவு, ஒருங்குறி, கலைச்சொல், செய்முறைக் குறிப்பு

முன்னுரை

ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது தொழில்நுட்ப எழுத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கையேட்டின் முதற்பக்கத்தில் ‘மின்னழுத்தம்’ என்றும் ஏழாம் பக்கத்தில் ‘வோல்டேஜ்’ என்றும் எழுதப்பட்டால், இரண்டும் ஒன்றா வேறா எனப் பயனர் தயங்குவார். மின்கருவியின் முன் நிற்பவருக்கு அத்தயக்கம் சிறிய செய்தியன்று. ஆதலின், எழுதி முடித்த ஆவணத்தில் எச்சொல் எவ்விடங்களில் எவ்வடிவில் வருகிறது எனத் தேடிப்பார்ப்பது தொழில்நுட்ப எழுத்தாளரின் அன்றாடப் பணியாகிறது. தரவக ஆய்வாளர் செய்வதும் இதையே ஒத்தது.

இப்பாடத்தை மென்பொருள் அறிமுகத்தோடு தொடங்கினால், மாணவர் கோப்பினை ஏற்றுவர், விசையை அழுத்துவர், அழகிய சொல்மேகம் ஒன்று திரையில் தோன்றும். அது எதை எண்ணியது என்னும் வினா எழாமலே வகுப்பு முடிந்துவிடும்.

கையால் அமைக்கும் அடைவு

தமிழாய்வுக்குச் சொல்லடைவு புதிதன்று. வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அடைவு தொகுக்கும் எவரும் புணர்ச்சியைப் பிரிக்காமல், உருபேற்ற வடிவங்களை எத்தலைச்சொல்லின்கீழ் வைப்பது எனத் தீர்மானிக்காமல் ஒரு பக்கமும் நகர முடியாது. கணினி இத்தீர்மானத்தைத் தானாகச் செய்துவிடுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் தீர்மானிக்காமலே கடந்து செல்கிறது.

ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் கணினி தேவையில்லை. வீட்டு மின்கருவிக் கையேடு ஒன்றின் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, ஐந்து கலைச்சொற்களுக்கு மாணவர் கையாலேயே அடைவு அமைக்கலாம். இது காலவிரயம் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் பின்னர் மென்பொருள் தரும் எண்ணைச் சரிபார்க்க மாணவரிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுவே.

எழுத்தின் எல்லை

‘தமிழ்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். கணினிக்கு இம்மூன்று எண்ணும் சரியே. ‘ஓர் அறிவிப்பில் இத்தனை எழுத்துகளுக்கு மேல் கூடாது’ என்னும் கட்டுப்பாட்டோடு எழுதுபவருக்கோ எது எண்ணப்படுகிறது என்பது இன்றியமையாதது. பைத்தான் மொழியின் இயல்பான தேடுகோவைத் தொகுதியில் ‘சொல்லெழுத்து’ என்னும் வகை உயிர்க்குறிகளையும் புள்ளியையும் உள்ளடக்குவதில்லை. அதனால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என இரண்டாகப் பிளந்து வெளிவரும். இந்த ஒரு சான்றைத் திரையில் கண்ட மாணவர் அதன்பின் எந்தச் சொற்பட்டியலையும் ஐயத்தோடு நோக்குவார்.

கண்ணுக்குத் தெரியாத பிழை இதனினும் இடர் மிக்கது. ‘கொதிநிலை’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகக் குறிக்கலாம்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று, எகரக்குறியையும் கால்குறியையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் வேறுபாடு இல்லை. இரண்டையும் சமமாகக் கொள்ளாத நிரலில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஒருங்குறியின் இயல்பாக்க முறையைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் தீரும். ஆனால் ‘பௌதிகம்’ என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக எகரக்குறியும் ளகரமும் தட்டச்சாகியிருந்தால் இயல்பாக்கம் உதவாது. கணினிக்கு ளகரம் வேறோர் எழுத்து. அதைத் திருத்தத் தமிழறிந்த ஒருவர் விதி எழுத வேண்டும்.

பழைய கோப்புகளுக்கு இன்னொரு படி உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சான ‘தமிழ்’, எழுத்துருவை நீக்கிப் பார்த்தால், நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். டாம், டாப் குறியேற்றங்கள் 1999இல் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. 2010இல் ஒருங்குறி ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்து ஆவணங்களைத் தரவாகக் கொள்பவர் எம்மாற்றியால் மாற்றினார் என்பதைக் குறித்தாக வேண்டும்.

சொல்லின் எல்லை

‘மின்னழுத்தம்’ என்று தேடினால் அவ்வடிவம் மட்டுமே கிடைக்கும். ‘மின்னழுத்தத்தை’ கிடைக்காது, மகர ஈறு கெட்டு அத்துச்சாரியை வந்துள்ளது. ‘மின்னழுத்தமும்’ என்பதும் கிடைக்காது; மகரமெய் உகரமேறிப் புள்ளியை இழந்துள்ளது. ‘மின்னழுத்தத்தைக் குறைக்க’, ‘மின்னழுத்தத்தைப் பெருக்க’ ஆகிய தொடர்களில் வல்லினம் மிகுவதால் ஒரே வடிவம் பட்டியலில் இரு சொல்லாக ஏறும். ‘மின்னழுத்த’ எனப் பகுதியை மட்டும் தேடினால் இவையனைத்தும் அகப்படும். ஆனால் ‘மின்னழுத்தமானி’யும் உடன் வரும், அது அளவை அன்று, கருவி. ‘மின் அழுத்தம்’ என இடைவெளி விட்டு எழுதப்பட்டதோ அப்போதும் நழுவிவிடும்.

சாரியையும் வேற்றுமைப் புணர்ச்சியும் தேர்வுக்குரிய பழம்பாடம் என எண்ணியிருக்கும் மாணவர்க்கு அவை இங்கே தேடுவிதிகளாக உருப்பெறுகின்றன. நிரலாக்கம் அறிந்து இலக்கணம் அறியாதவர் தவறவிடும் வடிவங்களைத் தமிழ்த்துறை மாணவர் எதிர்பார்த்துத் தேட முடியும்.

வடிவங்கள் சேர்ந்த பின்னரும் பொருள் எஞ்சுகிறது. ‘மின்தடை’ என்பது இயற்பியல் பாடநூலில் மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பு. தமிழ்நாட்டு நாளிதழ் அறிவிப்பில் மின்வழங்கல் நிறுத்தம். பாடநூல், அறிவிப்பு, கையேடு மூன்றையும் ஒரே தரவகமாக்கி ‘மின்தடை’யை எண்ணுபவர் பெறும் எண் எதற்கும் உரியதாகாது. வருமிடங்களை முன்பின் தொடர்களோடு அடுக்கிப் படித்துப் பிரிப்பதைத் தவிர எளிய வழியில்லை. கையேடு எழுதுபவருக்கு இப்பயிற்சி நேரடிப் பயன் தருவது. ‘மின்தடை ஏற்பட்டால்’ எனத் தொடங்கும் எச்சரிக்கையை வீட்டுப் பயனர் எப்பொருளில் கொள்வார் என்பதை அவ்வரிசை காட்டிவிடும்.

தரவின் பிறப்பிடம்

தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘ஆக்சிஜன்’ இலங்கைப் பாடநூலில் ‘ஒட்சிசன்’. இங்கு ‘மின்னழுத்தம்’ என்பதற்கு அங்கு ‘வோல்ற்றளவு’ வழங்குகிறது. இவை இருவேறு கல்விமரபுகளின் தரப்படுத்தங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் இடம், ஆண்டு, வெளியிட்டோர், பனுவல் வகை ஆகியவை குறிக்கப்படாவிடில், இவ்வேறுபாடு ‘கலைச்சொற் குழப்பம்’ என்னும் பிழையான முடிவாக ஆய்வேட்டில் நுழைந்துவிடும்.

செய்முறைக் குறிப்பு

மேற்கூறிய ஒவ்வொரு முடிவும் எண்ணிக்கையை மாற்றவல்லது. எனினும் இறுதி அட்டவணையில் அவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை. எனவே மாணவர் அளிக்கும் முதன்மை ஒப்படைப்பு செய்முறைக் குறிப்பாக இருத்தல் வேண்டும். தரவு எங்கிருந்து எந்நாளில் பெறப்பட்டது, எவ்வாறு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டது, ‘சொல்’ என எது கொள்ளப்பட்டது, எவ்வடிவங்கள் ஒன்றாக்கப்பட்டன, எவை எக்காரணத்தால் விலக்கப்பட்டன, மென்பொருளின் எப்பதிப்பு பயன்பட்டது ஆகியவை அதில் இடம்பெறும். படிப்படியாக, ஏவல் தெளிவோடு, பிறர் கைக்கொள்ளும் வகையில் எழுதுவது தொழில்நுட்ப எழுத்து மாணவர் ஏற்கெனவே பயின்றுவரும் கலையே. கணினிவழி ஆய்வில் இலக்கிய மாணவரைவிட அவருக்குள்ள தனிவலிமையும் இதுவே.

மதிப்பீட்டுக்கும் இதுவே வழி தருகிறது. ஒரு மாணவரின் குறிப்பையும் தரவையும் மற்றொருவரிடம் அளித்து, வாய்மொழி விளக்கம் எதுவுமின்றி எண்ணிக்கையை மீளப் பெறச் செய்யலாம். முதல்வர் 41 என்றும் இரண்டாமவர் 37 என்றும் பெற்றால், அந்நான்கும் எங்கே மறைந்தன என இருவரும் சேர்ந்து தேடுவர். ‘மின் அழுத்தம்’ எனப் பிரித்தெழுதிய இடங்களாக அவை இருக்கலாம். இரண்டாமவர் குறிப்பின்படியே நடந்திருந்தால் திருத்தப்பட வேண்டியது முதல்வரின் குறிப்பு. அது சீராகும்வரை எண் ஏற்கப்படுவதில்லை. திருத்திய குறிப்புகளைத் தரவோடு துறையிலேயே சேமித்துவைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் அதே பத்துப் பக்கங்களிலிருந்து தொடங்காமல் பதினோராம் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.